நான்கு சிகர மலையின் செவ்வந்திக்கல் சுரங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருக்கிறது. ஆசிரியர் பணியில் இருந்த காலம் முதல் நான் சேர்த்துவரும் பாறைத் துண்டுகளும் கனிமங்களும் அதில் உள்ளன. நடுத்தட்டில் கட்டைவிரல் பருமனுள்ள ஊதா நிறப் படிகம் ஒன்று இருக்கிறது. என்னிடம் படித்து, இப்போது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பணியாற்றும் மாணவர் ஒருவர், விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்த கல் அது. அலமாரியைப் பார்க்க வரும் பிள்ளைகளும் பெற்றோரும் மற்ற கற்களைக் கடந்துவந்து அதன் முன்னால்தான் நிற்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது, நிறம் இயற்கையானதா, ஜவ்வாது மலையில் தோண்டினால் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். நின்றுகொண்டே சொல்லும் பதில் எப்போதும் அரைகுறையாகவே முடிகிறது என்பதால், அவர்கள் கேட்டவற்றையும் நான் சொல்ல விரும்பியவற்றையும் இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன்.

செவ்வந்திக்கல் என்பது என்ன கல்?

குவார்ட்ஸ் என்னும் கனிமத்தின் ஊதா நிற வகையே செவ்வந்திக்கல். நகைக்கடையில் அமெதிஸ்ட் என்று சொன்னால்தான் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவார்கள். பெயர் புதிதாகத் தோன்றினாலும் குவார்ட்ஸ் நமக்குப் புதிதல்ல. பாலாற்று மணலில் பளபளக்கும் பருக்கைகளில் பெரும்பகுதி அதுதான். சிறுவர்கள் இருட்டில் ஒன்றோடொன்று உரசித் தீப்பொறி பார்க்கும் வெங்கச்சாங்கல்லும், பெரியவர்கள் கழுத்தில் அணியும் ஸ்படிக மாலையும் அதுதான். எல்லாமே சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த, சிலிக்கா என்னும் ஒரே சேர்மம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் கடினம் 7, ஒப்படர்த்தி 2.65. செவ்வந்திக்கல்லில் கூடுதலாக இருப்பது பத்து லட்சம் பங்கில் சில பத்து முதல் சில நூறு பங்கு வரையிலான இரும்பு மட்டுமே. அந்தச் சிறிதளவு இரும்பு எப்படி ஊதாவாகத் தெரிகிறது என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அமெதிஸ்ட் என்னும் பெயர் 'போதை ஏறாதது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இந்தக் கல்லில் குடைந்த கிண்ணத்தில் மது அருந்தினால் மயக்கம் வராது என்று அக்காலக் கிரேக்கர்கள் நம்பினார்கள்.

அலமாரியில் உள்ள கல் கிடைத்த சுரங்கம் எங்கே இருக்கிறது?

அரிசோனாவின் பெரிய நகரமான பீனிக்ஸுக்கு வடகிழக்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில், மசாட்சல் மலைத்தொடரின் தென்கோடியில், வரிசையாக நான்கு கூர்முனைகள் நிற்கின்றன. அவற்றை அங்கே ஒரே பெயரில் 'நான்கு சிகரங்கள்' என்று அழைக்கிறார்கள். வடக்கே உள்ள பிரவுன்ஸ் சிகரம் சுமார் 2,330 மீட்டர் உயரம். செவ்வந்திக்கல் சுரங்கம் தெற்கு முனையை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏலகிரி ஏறக்குறைய 1,100 மீட்டர்; அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு உயரத்தில் ஒரு சுரங்கத்தை எண்ணிக்கொள்ளுங்கள்.

மலையடிவாரம் முழுப் பாலைவனம். ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு வளரும் சகுவாரோ கள்ளிகள் அங்கே நிற்கின்றன. மேலே போகப்போகக் குளிர்ந்து பைன் மரங்கள் வருகின்றன. குளிர்காலத்தில் உச்சியில் பனி படிகிறது. அமெரிக்கக் கருங்கரடிகள் மிகுந்து வாழும் மலை என்றும் அதற்குப் பெயர் உண்டு. வேலூர் வெயிலைப் பழித்துப் பேசும் நமக்கு, அதைவிடக் கடும் வெயிலடிக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே பனி விழும் மலை இருக்கிறது என்பது வியப்பாகத்தான் இருக்கும். யாவப்பாய் என்னும் அந்நிலத்தின் பழங்குடி மக்கள் இந்த மலையைப் புனிதமாகப் போற்றுகிறார்கள். சுரங்கத்தின் வரலாற்றைச் சொல்லும்போது அவர்களை விட்டுவிட்டுச் சொல்வது முறையாகாது.

அந்த மலை எந்தப் பாறையால் ஆனது?

சிகரங்கள் குவார்ட்சைட் என்னும் பாறையால் ஆனவை. நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நீர்நிலைகளின் கரையிலும் படுகையிலும் படிந்த மணல், மேலே படிந்த அடுக்குகளின் பாரத்தால் இறுகி மணற்பாறை ஆயிற்று. பின்னர் நிலத்தின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் அதை வாட்டியபோது, மணற்பருக்கைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, இடையில் சிறு துளையும் இல்லாத கெட்டிப் பாறையாயின. மணற்பாறையை உடைத்தால் பருக்கைகள் உதிரும். குவார்ட்சைட்டை உடைத்தால் பருக்கைகளையே பிளந்துகொண்டு உடைப்பு போகும். இரண்டையும் அலமாரியில் அருகருகே வைத்திருக்கிறேன். பிள்ளைகளை விரல் நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்வேன். ஒன்றில் மணல் விரலில் ஒட்டும், மற்றொன்றில் நகம்தான் தேயும்.

இந்தக் கெட்டித் தன்மையே சுற்றியுள்ள மற்ற பாறைகள் மழையிலும் காற்றிலும் கரைந்த பிறகும் சிகரங்களைத் தலைநிமிர வைத்திருக்கிறது. செவ்வந்திக்கல் அங்கே விளைந்ததற்கும் இதே குணம்தான் அடிப்படைக் காரணம்.

கெட்டிப் பாறைக்குள் படிகம் எப்படி விளைந்தது?

நிலத்தின் மேலோடு அசையும்போது எல்லாப் பாறைகளும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. ஈரக் களிமண் உருண்டையை அழுத்தினால் நசுங்கும். சுட்ட ஓட்டை அழுத்தினால் நொறுங்கும். குவார்ட்சைட் சுட்ட ஓட்டைப் போன்றது. மலையின் அந்தப் பகுதியில் பாறை பிளந்து நழுவியபோது, அந்தப் பிளவை ஒட்டிய குவார்ட்சைட் கூர்முனைத் துண்டுகளாகச் சிதறியது. சிதறிய துண்டுகள் மறுபடி இறுக்கமாகப் பொருந்தவில்லை. ஓட்டுக் குவியலில் இருப்பதைப்போல இடையிடையே பொந்துகளும் சந்துகளும் எஞ்சின. படிகம் வளர்வதற்கு முதல் தேவை வெற்றிடம். அந்த இடம் அங்கே இப்படிக் கிடைத்தது.

அடுத்த தேவை சிலிக்கா கரைந்த வெந்நீர். ஆழத்திலுள்ள நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறினாலும் மேலுள்ள பாறையின் அழுத்தத்தால் ஆவியாகாமல் நீராகவே நிற்கும். அந்த நிலையில் அது வழியிலுள்ள பாறைகளிலிருந்து சிலிக்காவைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். பிளவுகளின் வழியே மேலேறிக் குளிரும்போது, தாங்க முடியாத சுமையை இறக்கிவைப்பதுபோல அந்தச் சிலிக்காவைப் பொந்தின் சுவர்களில் விட்டுச்செல்லும். பாகு ஆறும்போது பாத்திரத்தின் ஓரத்தில் கற்கண்டு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். படிகங்கள் சுவரில் வேர்கொண்டு, பொந்தின் நடுவை நோக்கி ஆறு பக்கங்களுடன் வளர்ந்து, கூம்பு முனையில் முடிகின்றன. நீரில் இரும்பும் இருந்ததால், படிகங்களின் மேலும் இடையிலும் ஹேமடைட் என்னும் சிவந்த இரும்புக் கனிமம் படிந்தது.

பின்னர் களிமண்ணும் துருமண்ணும் பொந்துகளை நிரப்பின. சுவரிலிருந்து ஒடிந்த படிகங்கள் பல அந்த மண்ணுக்குள் புதைந்து கிடந்தன. இன்று அங்கே வேலை செய்பவர்கள் பாறைக்குள் செஞ்சேறு நிரம்பிய பொந்து ஒன்றைத் திறந்தால், அதிலுள்ள மண்ணைக் கையால் அள்ளித் தடவித் தடவித்தான் கற்களைப் பொறுக்குகிறார்கள். எனக்கு வந்த கல்லின் பள்ளங்களிலும் அந்தச் செம்மண் ஒட்டியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மூன்று நாள் தேய்த்தும் அடிப்பக்கத்தில் ஒரு கோடு அளவுக்கு எஞ்சியிருக்கிறது. இனி அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊதா நிறம் இயற்கையானதா? எப்படி வருகிறது?

முற்றிலும் இயற்கையானது. ஆனால் நிறத்துக்குத் தேவையானவை மூன்று: இரும்பு, கதிரியக்கம், காலம்.

படிகம் வளரும்போது, சிலிக்கன் அணு அமர வேண்டிய சில இடங்களில் இரும்பு அணு அமர்ந்துவிடுகிறது. அந்த நிலையில் கல் இன்னும் ஊதா ஆகவில்லை. நிறமற்றோ மிக இளமஞ்சளாகவோ இருக்கும். சுற்றியுள்ள பாறைகளில் பொட்டாசியம் போன்ற தனிமங்களின் கதிரியக்க வகைகள் மிகச் சிறிய அளவில் உண்டு. அவற்றிலிருந்து வெளிப்படும் காமா கதிர்கள் லட்சக்கணக்கான ஆண்டுகள் விடாமல் படிகத்தை ஊடுருவி, இரும்பு அமர்ந்துள்ள இடங்களில் எலக்ட்ரான்களை இடம்பெயர்க்கின்றன. இடம்பெயர்ந்த பிறகு அந்த இடங்கள் ஒளியின் மஞ்சள், பச்சைப் பகுதிகளை உறிஞ்சிக்கொள்கின்றன. நீலமும் சிவப்பும் சேர்ந்து நம் கண்ணுக்கு ஊதாவாக வந்து சேர்கின்றன. கல்லில் சாயம் என்று எதுவும் இல்லை. ஓர் அணுவின் நிலை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதைக் கேட்டதும் 'அப்படியானால் கல்லைத் தொடலாமா' என்று தாய்மார் சிலர் அஞ்சுவதுண்டு. கதிர் பட்ட கல்லே தவிர, கதிர் விடும் கல் அன்று, அச்சமின்றித் தொடலாம்.

ஒரே கல்லின் அடி வெள்ளையாகவும் நுனி ஊதாவாகவும் இருப்பது ஏன்?

வெந்நீரில் இரும்பின் அளவு எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. இரும்பு குறைந்த காலத்தில் வளர்ந்த அடிப்பகுதி வெங்கச்சாங்கல்லைப்போல வெளுத்திருக்கும். இரும்பு மிகுந்த காலத்தில் வளர்ந்த பகுதி ஊதாவாகும். அத்துடன், படிகத்தின் எல்லா முகங்களும் இரும்பை ஒரே அளவில் ஏற்பதில்லை. கூம்பு முனையின் முகங்களுக்கு அடியில் வளரும் பகுதியே அதை மிகுதியாக ஏற்கிறது. அதனால் நிறம் நுனியில் திரள்கிறது.

என் கல்லைப் பிடித்துப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். அடியில் அரை அங்குலம் பால்வெள்ளை. அதற்குமேல் புகைபோல ஒரு மெல்லிய பட்டை. பிறகு கூம்புக்குள் மட்டும் கத்தரிப்பூவின் ஊதா, அதுவும் சீராக இல்லாமல், கூம்பின் வடிவத்திலேயே ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய கோணப் பட்டைகளாக. பழைய குண்டு பல்பின் அருகில் வைத்து மெல்லத் திருப்பினால், ஒரு கோணத்தில் உள்ளிருந்து சிவப்பு தெறிக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் அதே கல் நீலம் கலந்ததாகத் தெரியும். நான்கு சிகரக் கற்களில் சிறந்தவற்றைச் சேகரிப்போர் தேடி வாங்குவது இந்தச் சிவந்த தெறிப்புக்காகத்தான். ரஷ்யாவின் ஊரல் மலைகளிலிருந்து முற்காலத்தில் வந்த கற்களைப் பற்றி இவ்வாறே புகழ்ந்து சொல்வார்கள். இன்றும் இரத்தினத் தொழிலில் இந்த நிறத்துக்கு 'சைபீரிய நிறம்' என்றே பெயர்.

நிறம் சீராக இல்லாததால் பட்டை தீட்டுபவருக்கு வேலை கடினமாகிறது. கல்லின் மேல்முகத்திலிருந்து பார்த்தால் முழுவதும் ஊதாவாகத் தெரியும்படி, நிறம் திரண்ட பகுதி அடியில் அமையுமாறு அவர் கல்லை நிறுத்தி வெட்ட வேண்டும். கூர்ந்த கண்ணும் நிதானமும் இல்லாதவர் கையில் நல்ல கல்லும் வெளிறிப்போகும்.

சுரங்கத்தை யார், எப்போது கண்டறிந்தார்கள்?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தங்கம் தேடி மலையேறியவரின் கண்ணில் இந்த ஊதாக் கற்கள் பட்டன. அரிசோனா அப்போது தங்கமும் வெள்ளியும் செம்பும் தேடி அலைந்தவர்களால் நிறைந்திருந்தது. மாநிலம் என்னும் தகுதியே அதற்கு 1912 பிப்ரவரி 14 அன்றுதான் கிடைத்தது. அதே 1912ஆம் ஆண்டு அமெரிக்க நகை வணிகர்களின் சங்கம், மாதத்துக்கு ஒரு கல் என வகுத்த பட்டியலில் பிப்ரவரி மாதத்துக்குச் செவ்வந்திக்கல்லை வைத்தது. தற்செயலான பொருத்தம்தான் என்றாலும், மாணவர்கள் இதை மறப்பதே இல்லை.

பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பானியர்கள் இம்மலையின் கற்களை எடுத்துச் சென்றார்கள் என்றும், அவை ஸ்பெயின் அரச நகைகளில் பதிக்கப்பட்டன என்றும் ஒரு கதை வழங்குகிறது. கேட்க நன்றாக இருக்கும் அந்தக் கதையை நான் கதையாகவே சொல்வேன்; வரலாறாக என் மாணவர்களுக்குச் சொன்னதில்லை. கோட்டைக்குள் புதையல், சுரங்கப்பாதை என்று கதை கேட்டே வளர்ந்த வேலூர்க்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

கண்டறியப்பட்ட பின் சுரங்கம் பல கைகள் மாறியது. சில காலம் வேலை நடக்கும், சில காலம் நின்றுபோகும். மலையின் உயரமும் வழியின்மையும் ஒவ்வொரு உரிமையாளரையும் சோதித்தன.

பாதுகாக்கப்பட்ட காட்டின் நடுவில் தனியார் சுரங்கம் எப்படி இருக்கிறது?

இதற்கு அமெரிக்காவின் 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசு நிலத்தில் கனிமத்தைக் கண்டறிந்தவர், பாறைப் பிளவுகளில் உள்ள கனிமம் என்றால் 1,500 அடி நீளமும் 600 அடி அகலமும் கொண்ட, அதாவது சுமார் 20 ஏக்கர் நிலத்தின் மேல் உரிமை கோரலாம். உரிய வேலைகளைச் செய்துகாட்டினால் ஏக்கருக்கு 5 டாலர் செலுத்தி அந்த நிலத்தையே பட்டா நிலமாகச் சொந்தமாக்கிக்கொள்ளவும் அச்சட்டம் இடமளித்தது. நான்கு சிகரச் சுரங்கம் அவ்வாறு தனியார் உடைமையான நிலம். சுற்றியுள்ள டோன்டோ தேசியக் காட்டின் இப்பகுதி 1984இல் இயந்திர வண்டிகள் நுழையக்கூடாத வனப்பகுதியாக அறிவிக்கப்பட்டபோது, முன்பே பட்டா பெற்றிருந்த இந்தத் துண்டு நிலம் நடுவில் ஒரு தீவாக நின்றுவிட்டது. இத்தகைய புதிய பட்டாக்களுக்கு விண்ணப்பம் பெறுவதை அமெரிக்க நாடாளுமன்றம் 1994 முதல் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே இன்று ஒருவர் அங்கே புதிதாக வேறொரு கனிமப் பொந்தைக் கண்டாலும் அந்நிலம் அவருக்குச் சொந்தமாகாது.

இந்தியாவில் சிறுகனிமங்களுக்குக் குத்தகை முறைதான் உண்டு. கண்டவருக்கே நிலம் என்னும் வழக்கம் கிடையாது. என் கருத்தில் நம் முறையே மேல். மலை ஒருமுறை தனியார் உடைமையானால், அது யார் கையில் போய்ச் சேரும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான்கு சிகர மலை, சுரங்கத்தைச் சிறிதாகவே வைத்துக்கொண்டவர்களின் கையில் இருந்தது அதன் நற்பேறு.

அங்கே வேலை எப்படி நடக்கிறது?

சுரங்கத்துக்குச் சாலை கிடையாது. ஆட்களும் உணவும் நீரும் கருவிகளும் ஹெலிகாப்டரில் போகின்றன. எடுத்த கற்கள் அதிலேயே திரும்பி வருகின்றன. நடந்து போவதானால் செங்குத்தான சரிவில், முட்புதர்களுக்கிடையே பல மணி நேரம் ஏற வேண்டும். மின்கம்பியோ குழாய்நீரோ மேலே இல்லை. ஒரு நேரத்தில் வேலை செய்வோர் ஓரிருவரே. அவர்கள் மலையிலேயே பல நாள் தங்கி, உளியும் சுத்தியும் கடப்பாரையும் கொண்டு பாறையைப் பெயர்க்கிறார்கள். குளிர்காலத்தில் பனியும், ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கும் உண்டாகும் பருவமழையின் இடிமின்னலும் வேலையைத் தடுக்கும். திறந்த உச்சியில் நின்று மின்னலை எதிர்கொள்வது எப்படிப்பட்டது என்பதை, ஜவ்வாது மலையில் ஐப்பசி மாதத்தில் மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1996இல் இம்மலையில் பற்றிய காட்டுத்தீ சுமார் 60,000 ஏக்கரை எரித்தது.

வெடிவைத்து, பெரிய இயந்திரங்களைக் கொண்டு வேகமாக எடுக்கலாமே?

குவாரிகளைப் பார்த்து வளர்ந்த நம் பகுதி மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கருங்கல் குவாரியில் மலையே பொருள். எங்கே வெட்டினாலும் கல் கிடைக்கும். இங்கே பொருள் பொந்துகளில் ஒளிந்திருக்கிறது. ஒரு பொந்துக்கும் அடுத்ததற்கும் இடையே வெறும் குவார்ட்சைட்தான். அடுத்த பொந்து எங்கே என்பதைப் பாறையில் தெரியும் மெல்லிய விரிசலையும் அதில் கசிந்த செந்நிறத்தையும் பின்தொடர்ந்துதான் ஊகிக்க முடியும். வெடி வைத்தால் பாறையோடு படிகமும் விரிசல் விடும். விரிசல் விட்ட படிகம் பட்டை தீட்டும்போது சாணையிலேயே தெறித்துவிடும். எடுத்த கற்களிலும் நகைக்குத் தகுதியானவை சிறு பங்குதான். கையால் செய்யும் வேலையே அங்கே சிக்கனமான வேலை.

பிரேசில் நாட்டுக் கல் மலிவாகக் கிடைக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

19ஆம் நூற்றாண்டுக்கு முன்பு ஐரோப்பாவில் செவ்வந்திக்கல் மாணிக்கம், மரகதத்துடன் ஒரே வரிசையில் வைக்கப்பட்ட கல். ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் இதன்மேல் பெருவிருப்பம் கொண்டிருந்தார்; கிறிஸ்தவ ஆயர்கள் மோதிரத்தில் அணிந்தார்கள். பிறகு தென்அமெரிக்காவில், பிரேசிலின் தென்பகுதியிலும் உருகுவேயிலும், எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளுக்குள் ஆள் உயரப் பொந்துகளாகவே இந்தக் கல் கண்டறியப்பட்டது. குழம்பில் சிக்கிய வாயுக் குமிழிகளே அங்கே பொந்துகளாயின. சுமார் 13 கோடி ஆண்டு வயதுள்ள அந்தப் பாறைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் கல் வந்திறங்கியதும் விலை சரிந்தது. நம் நாட்டிலும் தக்காணத்து எரிமலைப் பாறைகளில், மகாராஷ்டிரத்தில், இவ்வகைப் பொந்துகள் கிடைக்கின்றன.

நான்கு சிகரக் கல் குமிழியில் விளையவில்லை. நொறுங்கிய பழம்பாறையின் சந்தில் விளைந்தது. அளவு குறைவு, நிறம் ஆழம், எடுப்பது கடினம். அமெரிக்காவில் வணிக முறையில் செவ்வந்திக்கல் தரும் சுரங்கங்கள் மிகச் சிலவே என்பதும் சேர்ந்துகொள்கிறது. வாங்குபவர்களில் பலர் கல்லோடு அது பிறந்த மலையின் பெயரையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

சூடாக்கினால் நிறம் மாறுமா? வெயிலில் வெளுக்குமா?

மாறும். 400 முதல் 500 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால், கதிர்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்த மாற்றம் சில மணி நேரத்தில் அழிந்துவிடும். பெரும்பாலான கற்கள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஆகும். சந்தையில் சிட்ரின் என்று விற்கப்படும் மஞ்சள் கற்களில் மிகப்பல இவ்வாறு சுட்ட செவ்வந்திக்கற்களே. சூட்டில் இளம்பச்சையாக மாறும் கற்கள் அரிது. பிரேசிலின் மொண்டெசூமாவில் கிடைப்பவையும், நான்கு சிகரக் கற்களில் சிலவும் அவ்வாறு மாறக்கூடியவை. நீண்ட நாள் நேர் வெயில் பட்டாலும் சில கற்கள் வெளிறும். சித்திரை வெயிலில் எங்கள் முன்னறை ஜன்னலே தோசைக்கல்லாகக் கொதிப்பதால், இந்தக் கல்லை நடுத்தட்டில் நிழலில் வைத்திருக்கிறேன். மோதிரத்தை மராமத்துக்குக் கொடுப்பவர்கள், பற்றவைக்கும் முன் கல்லைக் கழற்றச் சொல்ல வேண்டும்.

ஜவ்வாது மலையிலோ ஏலகிரியிலோ செவ்வந்திக்கல் கிடைக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் அநேகமாக இல்லை. முதலில் நம் பாறைகளைப் பார்க்க வேண்டும். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பகுதிகள், ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ள நைஸ், சார்னோகைட் பாறைகளின் மேல் அமைந்தவை. வயதில் இவை நான்கு சிகரக் குவார்ட்சைட்டுக்கு மூத்தவை. பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் பிசையப்பட்டு உருவானவை. அந்த ஆழத்தில் பாறை நொறுங்காது. மாவைப்போல இழுபட்டு மடியும். நைஸ் பாறையில் கறுப்பும் வெள்ளையுமாக நெளியும் வரிகள் அந்த மடிப்பின் தடயங்களே. பொந்து உண்டானாலும் அழுத்தத்தில் மூடிக்கொள்ளும்.

இப்பாறைகளைக் குறுக்கே வெட்டிச் செல்லும் வெள்ளை நரம்புகளை மலையேறும்போது பார்த்திருப்பீர்கள். அவை குவார்ட்ஸ் நரம்புகள். ஆனால் பிளவு முழுவதையும் அடைத்துக்கொண்டு வளர்ந்ததால் முனையும் முகமும் இல்லாத வெங்கச்சாங்கல்லாக நிற்கின்றன. அவற்றின் பால்வெள்ளை நிறம், உள்ளே சிக்கிய கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளால் ஒளி சிதறுவதால் வருவது. அதற்காக நம் மலைகளைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஏலகிரி, சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகி மேலெழுந்த சையெனைட் (syenite) என்னும் பாறையைக் கொண்டது. திருப்பத்தூர் அருகே சேவாத்தூரில் கார்பனடைட் என்னும் அரிய பாறை இருக்கிறது. அங்கே கிடைக்கும் வெர்மிகுலைட் என்னும் கனிமத்தைத் தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுத்துவருகிறது. அந்த வெர்மிகுலைட் துண்டு ஒன்றைக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினால் பொரிபோல உப்பி விரியும். என் அலமாரியில் பிள்ளைகள் கைதட்டும் கல் அதுதான்.

காப்புக்காட்டில் தோண்டுவதும் கல்லை உடைத்து எடுப்பதும் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சேர்த்தே சொல்கிறேன்.

தமிழர்கள் பழங்காலத்தில் இதைப் பயன்படுத்தினார்களா?

ஆம். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் செவ்வந்திக்கல் மணிகள் கிடைத்திருக்கின்றன. சங்க காலத்தில் கல்மணித் தொழில் செழித்த ஊர் அது. பச்சைக்கல், நீலம், சூதுபவளம், படிகம் எனப் பல கற்களை அங்கே அறுத்து, துளையிட்டு, மெருகேற்றினார்கள். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும் இக்கல்லில் செய்த மணிகள் கிடைத்துள்ளன. கடினம் 7 உள்ள கல்லில் நூல் நுழையும் அளவுக்குத் துளையிடுவது இன்றைய கருவிகளுக்கே எளிதல்ல. கையால் சுழற்றும் துரப்பணத்தால் அதைச் செய்தவர்களின் பொறுமையை எண்ணும்போதெல்லாம் நான் நெகிழ்ந்துபோகிறேன்.

நவரத்தினங்களில் இது சேருமா?

சேராது. வைரம், வைடூரியம், முத்து, மரகதம், மாணிக்கம், பவளம், புஷ்பராகம், கோமேதகம், நீலம் ஆகியவையே ஒன்பது. நீலக்கல் வாங்க இயலாதவர்களுக்கு அதற்கு மாற்றாகச் சோதிடர்கள் சிலர் இதைப் பரிந்துரைப்பதுண்டு. கனிம அளவில் இரண்டுக்கும் உறவில்லை. நீலம் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம் என்னும் வேறு கனிமம்.

போலியை எப்படி அறிவது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் உள்ள அம்மா ஒருவர், மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய ஊதாக்கல் மோதிரத்தை எடுத்துவந்தார். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பார்த்தபோது, கல்லுக்குள் உருண்டையான காற்றுக்குமிழிகள் இரண்டு தெரிந்தன. குவார்ட்ஸ் படிகத்துக்குள் அப்படிப்பட்ட குமிழி வராது, அது கண்ணாடி. கொடுத்த விலை மூன்று மாத வாடகைக்கு நிகர் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நிறமும் ஒரு துப்பு தரும்: இயற்கைக் கல்லில் பெரும்பாலும் கோணப் பட்டைகளாக ஏற்றத்தாழ்வு இருக்கும், ஓரம் முதல் நடு வரை ஒரே நிறமாக இருந்தால் ஐயப்படலாம். கன்னத்தில் வைத்தால் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடச் சில்லென்று இருக்கும்.

ஆனால் 1970களில் சோவியத் நாட்டிலிருந்து சந்தைக்கு வரத் தொடங்கிய ஆய்வுக்கூடச் செவ்வந்திக்கல்லை இந்த முறைகளால் பிரிக்க முடியாது. அதுவும் உண்மையான குவார்ட்ஸ்தான். அழுத்தக் கலத்தில் வெந்நீரில் வளர்த்து, கதிர் பாய்ச்சி நிறமேற்றியது. பெரிய தொகை கொடுப்பதானால் இரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்று கேட்பது ஒன்றே வழி. சின்னக் கல்லுக்குச் சோதனைக் கட்டணமே கல்லின் விலையைத் தாண்டும் என்பதால், நம்பிக்கையான கடையில் பில்லில் 'இயற்கை' என்று எழுதி வாங்குங்கள்.

சுரங்கத்தையோ, உங்கள் கல்லையோ நேரில் பார்க்கலாமா?

சுரங்கம் தனியார் நிலம். உரிமையாளரின் அனுமதியின்றி நுழையக்கூடாது. மலையின் மற்ற பாதைகளில் நடைப்பயணம் செய்யலாம். வடக்குச் சிகரத்துக்கு ஏறும் பாதையின் இறுதிப் பகுதியில் கைகால் ஊன்றிப் பாறை ஏற வேண்டியிருக்கும்.

சத்துவாச்சாரிக் கல்லைப் பார்க்க மாலை ஐந்து மணிக்கு மேல் வருவது நல்லது. அந்நேரத்தில் மேற்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறையும், விளக்கேற்றிய பிறகு குண்டு பல்பின் கீழ் ஒருமுறையும் கையில் வாங்கிப் பாருங்கள். அடியிலுள்ள செம்மண் கோட்டை மட்டும் சுரண்ட வேண்டாம்.